வாண்டுகளுக்கு ஒரு தாம்பாளம்

மே மாதம் லீவு விட்டதும் எங்கள் வீட்டில் ஏழு வாண்டுகள் கூடிவிடும். நாத்தனார் பிள்ளைகள், அண்ணன் பிள்ளைகள், எங்களுடையது இரண்டு, இதில் சேராத எதிர்வீட்டுப் பையன் ஒருவன். சின்னதுக்கு இரண்டு வயது, பெரியவனுக்குப் பன்னிரண்டு. மதியம் மூன்று மணிக்குத்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்போம், நாலரைக்கெல்லாம் ஒவ்வொரு தலையாக அடுப்படிக்குள் நீளும். "அத்தை, சாப்பிட என்ன இருக்கு?" ஒருத்தனுக்கு பஜ்ஜி வேண்டும், ஒருத்திக்கு நூடுல்ஸ் வேண்டும், இன்னொருத்திக்கு நீங்கள் எதைச் சொன்னாலும் அது வேண்டாம். நாலு நாள் ஆளுக்கொன்றாகச் செய்து பார்த்து இடுப்பு விட்டுப்போன பிறகுதான் எனக்குத் தாம்பாளம் ஞாபகம் வந்தது. கல்யாணச் சீரில் வந்த பெரிய எவர்சில்வர் தாம்பாளம், விசேஷத்துக்கு வெற்றிலை பாக்கு பழம் வைக்க மட்டும் பரணிலிருந்து இறங்கும். அதைத் துடைத்து, வீட்டில் இருந்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பரப்பி, கூடத்தில் பாய் விரித்து நடுவில் வைத்தேன். எடுத்துச் சாப்பிடுவது அவரவர் பாடு.

இதையே மரப்பலகையில் அடுக்கி, மேலே ரோஜா இதழ் தூவி எடுத்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் வாங்கத்தான் தோன்றும். வாங்காதீர்கள். நம் வீட்டுத் தீனியில் பாதிக்கு எண்ணெயோ நெய்யோ உண்டு, மரம் அதைக் குடித்துக்கொண்டு பிசுக்கு வாடை அடிக்கும். அதைவிடப் பெரிய சங்கடம், பலகைக்கு விளிம்பு கிடையாது. இரண்டு வயதுப் பிள்ளை கையை விட்டுத் துழாவினால் சுண்டல் முழுக்கப் பாயில் இருக்கும். தாம்பாளத்துக்கு ஒரு விரல் உயரத்துக்காவது விளிம்பு இருக்கிறது, கொட்டினால் தாம்பாளத்துக்குள்தான் கொட்டும். தாம்பாளம் இல்லாவிட்டால் மாவு சலிக்கிற அகலத் தட்டு போதும்.

முதல் நாள் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தர்பூசணியை முக்கோணமாக வெட்டி நடுவில் வட்டமாக அடுக்கி, சுற்றித் தட்டையும் முறுக்கும் ஓமப்பொடியும் வைத்தேன். பத்து நிமிஷம்தான். பழத்துத் தண்ணீர் சத்தமில்லாமல் அடியில் ஓடி, மாமியார் முந்தின நாள் முழங்கால் வலியோடு உட்கார்ந்து சுட்ட தட்டை அத்தனையும் நனைந்த அட்டை மாதிரி ஆகிவிட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தட்டையை எடுத்து இரண்டாக மடித்துக் காட்டினார், அவ்வளவுதான்.

அதிலிருந்து என் தாம்பாளத்தில் ஈரமானது எதுவும் நேராகத் தட்டில் உட்காராது. பழம், சுண்டல், வெள்ளரி எல்லாம் கிண்ணத்தில். காய்ந்த பலகாரம் தட்டில், அதுவும் கடைசி நிமிஷத்தில். எதை வைப்பது என்பதைக்கூட உங்கள் வீட்டு டப்பாக்கள் முடிவு செய்யட்டும், இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எத்தனை வகை? ஏழு பிள்ளைகளுக்கு ஆறோ ஏழோ வகை போதும். பதினைந்து வகை வைத்தால் எல்லாவற்றையும் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். நான் மனசில் வைத்திருக்கும் கணக்கு இப்படி: வயிறு நிறைய ஒன்று, பயறு வகையில் ஒன்று, கிழங்கோ காயோ ஒன்று, பழம் இரண்டு, கரகரவென்று ஒன்று, இனிப்பு ஒன்று. இதில் நாலு ஐட்டமாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும். புதுசாக ஏதாவது பழக்க ஆசை இருந்தால் ஒன்றே ஒன்று, அதையும் பிடித்த பண்டத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு அப்படித்தான் உள்ளே நுழைந்தது, மூன்று நாள் யாரும் தொடவில்லை, நாலாம் நாள் மாவுருண்டைக்கு நீட்டிய கை தவறி அதை எடுத்தது.

வயிறு நிறைய என்றால் எனக்கு மினி இட்லிதான். இட்லியைக் கொதிக்கக் கொதிக்க எடுக்காதீர்கள், ஐந்து நிமிஷம் ஆறவிட்டு எடுத்தால்தான் குழியில் ஒட்டாமல் முழுசாக வரும். அகலமான பாத்திரத்தில் போட்டு, பதினைந்து இட்லிக்கு இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு முதலில் குலுக்குங்கள், அப்புறம் பொடி போட்டு மறுபடி குலுக்குங்கள். கரண்டி போட்டுக் கிளறினால் உடைந்து உப்புமா ஆகிவிடும். பெரியவர்கள் தின்கிற பொடி பிள்ளைகளுக்குக் காரம். அதற்காகத் தனியாகப் பொடி அரைக்க வேண்டாம், இரண்டு ஸ்பூன் பொடிக்கு இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவைக் கலந்தால் காரம் பாதியாகி வாசனையும் நன்றாக இருக்கும். மினி இட்லித் தட்டு இல்லையா, காலையில் மிஞ்சிய இட்லியை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதே மாவைக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றுங்கள். பணியாரம் என்றால் ஆளுக்கு நாலு, மினி இட்லி என்றால் ஆறு ஏழு. தேங்காய்ச் சட்னியை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள், மே மாத வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும், அதோடு பாய் போர்வை சுவர் என்று எல்லா இடத்திலும் இருக்கும்.

சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட வேண்டும், எட்டு மணி நேரமாவது வேண்டும். ஏழு பேருக்கு இருநூறு கிராம் போட்டால் வெந்து இரண்டு பங்குக்கு மேலே வரும், தாராளம். கையில் எடுத்து இரண்டு விரலால் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும், அதுவரை விசில் விடுங்கள். தாளிக்கிறபோது மிளகாயைக் கிள்ளிப் போடாதீர்கள், முழுசாகப் போட்டுப் பரிமாறும் முன் எடுத்துவிடலாம். கடுகு, கறிவேப்பிலை பார்த்தாலே ஒதுக்குகிற பிள்ளைகள் உண்டு, அவர்களுக்காகவே நான் தாளிக்காமல் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் உப்பும் மட்டும் போட்டு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பேன். கெட்ட பழக்கம்தான். ஆனால் கிண்ணம் காலியாகிவிடுகிறது.

கிழங்கு பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. சர்க்கரைவள்ளியோ மரவள்ளியோ எது கிடைக்கிறதோ அதைப் பஞ்சு மாதிரி வேகவைத்து, மரவள்ளி என்றால் நடுவில் இருக்கும் நாரை உருவிவிட்டு, விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். பொங்கல் சமயத்தில் விருந்தாளி வந்தால் பனங்கிழங்கு.

இனிப்புக்கு மாவுருண்டை. அடுப்பில் நெய் உருக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு கப் பொட்டுக்கடலையை மிக்ஸியில் நைஸாகத் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள், முக்கால் கப் சர்க்கரையை இரண்டு ஏலக்காயோடு பொடித்து அதில் கலந்துவிடுங்கள். கால் கப் நெய்யைச் சூடாக்கி, மொத்தமாகக் கொட்டாமல் மாவின் ஒரு ஓரத்தில் கொஞ்சம் ஊற்றி, அந்த இடத்து மாவை மட்டும் இழுத்து, சூடு இருக்கும்போதே உருட்ட வேண்டும். உதிர்ந்தால் இன்னும் ஒரு சொட்டு நெய். ஆறிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்க வராது. கடையில் இருப்பது போல எலுமிச்சை அளவில் வேண்டாம், நெல்லிக்காயைவிடச் சின்னதாகப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு எண்ணிக்கைதான் கணக்கு, ஒரு பெரிய உருண்டையைவிட இரண்டு சின்ன உருண்டை அவர்களுக்கு ரொம்ப அதிகம். தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து உருட்டப் பெரிய பிள்ளைகளையே கூப்பிடுங்கள், நாலில் ஒன்று வாய்க்குள் போகும், போகட்டும்.

பழத்தில் எது வைத்தாலும் சரி, வெட்டுகிற விதம்தான் முக்கியம். தர்பூசணியை முக்கோணமாக வெட்டாமல் தோலோடு நீளக் குச்சிகளாக வெட்டினால் தோலைப் பிடித்துக்கொண்டு கடிக்கலாம், சட்டையில் வழிவது பாதியாகும். ஆப்பிள் வெட்டினால் பத்து நிமிஷத்தில் பழுப்பேறும், பிள்ளைகள் "அழுகிப்போச்சு" என்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புக் கரைத்து அதில் ஐந்து நிமிஷம் போட்டு, நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசி எடுத்தால் வெள்ளையாகவே இருக்கும். வாழைப்பழத்தை வெட்டவே வேண்டாம், ஏலக்கி மாதிரிச் சின்னப் பழமாகப் பார்த்து வாங்கி, காம்பைக் கிள்ளி, தோலைப் பாதிவரை உரித்து வையுங்கள். மாம்பழம் தாம்பாளத்துக்கு ஆகாது என்பது என் கட்சி. அதைக் குழாயடியில் வைத்துத் தின்ன வேண்டும்.

இனி இரண்டு வயதுக்காரியின் விஷயம். இதை அவசரமாகப் படிக்காதீர்கள். ஏழு பேருக்கும் ஒரே தட்டு என்றால், தட்டில் இருக்கும் எல்லாமே அந்தக் குட்டியின் வாய்க்குள்ளும் போகும் என்று வைத்துக்கொண்டுதான் அடுக்க வேண்டும். வழவழப்பாக, உருண்டையாக, கெட்டியாக இருப்பதுதான் தொண்டையில் போய் அடைக்கும். முழு வேர்க்கடலை, முந்திரி, பாதாம் எதுவும் ஐந்து வயதுக்குக் கீழே கூடாது. முழுத் திராட்சை கூடாது. குறுக்கே வெட்டினால் அதுவும் வட்டம்தான், நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும். கம்பத்துப் பன்னீர் திராட்சை என்றால் கொட்டை வேறு இருக்கிறது, அதைப் பெரிய பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுங்கள். கமர்கட், கல்கோனா, பாப்கார்ன் வேண்டாம். பச்சைக் கேரட்டைக் குச்சியாக வெட்டுவதும் ஆபத்துதான், கொஞ்சம் ஆவியில் வேகவைத்தோ துருவியோ வையுங்கள். கொண்டைக்கடலையைக் குட்டிக்கு மட்டும் ஸ்பூனால் நசுக்கிக் கொடுங்கள், மாவுருண்டையை உடைத்து உதிர்த்துக் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு தரம் தொண்டையை விட்டுவிட்டு ஒரு பொட்டுக்கடலை மூக்குக்குள் போனது, டாக்டர் எடுக்கும்வரை பிள்ளை அழவே இல்லை, நாங்கள்தான் அழுதோம்.

கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், மணப்பாறை முறுக்கும் 2023-இல் வாங்கிவிட்டது. இரண்டும் எனக்கு உயிர். ஆனாலும் கடலை மிட்டாயைத் தாம்பாளத்தில் வைக்க மாட்டேன், அது டப்பாவில் இருந்து எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் கைமாறும். மணப்பாறை முறுக்கை எண்ணெயில் இரண்டு தடவை போட்டு எடுப்பார்கள், அந்தக் கரகரப்பு பால் பல்லுக்குச் சரிப்படாது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற தட்டில் தேன்குழல் வையுங்கள், வாயில் போட்டால் கரையும்.

புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்கிற பழக்கம் நமக்கு. பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள், அதுவே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் முழித்தால் தலையில் தட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும், கூட இருப்பவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் பின்னால் இருந்து வயிற்றை அணைத்து உள்ளேயும் மேலேயும் அழுத்துவது அடுத்த படி. அதை ஒரு தரம் யாராவது தெரிந்தவர்களிடம் நேரில் பழகிக்கொள்ளுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இதெல்லாம் நடக்காமல் இருக்க ஒரே சட்டம், உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். வாயில் முறுக்கோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறவனை நான் தயவுதாட்சண்யமில்லாமல் பாயில் உட்காரவைப்பேன்.

வெளி ஆட்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள் என்றால் முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். "பாப்பாவுக்கு எதாவது ஒத்துக்காதா?" என்ற ஒரு கேள்வி போதும். வேர்க்கடலை, முந்திரி, எள், பால், முட்டை என்று சிலருக்கு உண்மையிலேயே அலர்ஜி இருக்கும், உதடு வீங்கி மூச்சு இழுக்கும். இட்லிப் பொடியில் எள் இருக்கிறது என்பது பொடி அரைத்தவர்களுக்கே சட்டென்று ஞாபகம் வராது. அப்படி ஒரு பிள்ளை வந்தால் அந்தப் பண்டத்தை ஓரமாக வைப்பது போதாது, அன்றைக்குத் தட்டிலேயே வேண்டாம். ஒரே ஸ்பூன் எல்லாக் கிண்ணத்துக்கும் போய் வரும்.

சரி, அடுக்கலாம். நாலரைக்குத் தட்டு வர வேண்டும் என்றால் மூன்றரைக்குக் கிழங்கு வெந்திருக்க வேண்டும், நாலு மணிக்குச் சுண்டல் தாளித்துவிடுங்கள், இட்லி அதோடு. பழத்தை நாலேகாலுக்கு முன் வெட்டாதீர்கள். முதலில் கிண்ணங்களை மட்டும் வெறுமனே தாம்பாளத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் நடுவில் குவிக்காமல் மூன்று பக்கமாகப் பிரித்து வைத்தால் ஏழு கை ஒரே இடத்தில் மோதாது. பிள்ளைகள் அடித்துக்கொள்கிற பண்டம் எது என்று உங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் பொடி இட்லி, அதை இரண்டு கிண்ணமாக்கி எதிரெதிர் பக்கம் வைத்துவிடுங்கள். எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. அதற்குள் ஒருத்தன் கையில் நகக்கீறல். கிண்ணங்களுக்கு இடையில் கிழங்கு, அதன் பக்கத்தில் வாழைப்பழம். மாவுருண்டையை எண்ணி வையுங்கள், ஆளுக்கு இரண்டு என்றால் பதினாலு, அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம், கணக்கை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தட்டு கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் தேன்குழல் டப்பாவைத் திறந்து மீதி இடத்தில் பரப்ப வேண்டும். கொஞ்சம் இடம் காலியாகவே இருக்கட்டும், விரல் நுழைய வேண்டாமா. பல்குச்சி குத்திவைப்பது அழகுதான், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கண்ணும் தொண்டையும் முக்கியம், குட்டி ஸ்பூன் போடுங்கள். ஆளுக்கு ஒரு தொன்னை. கை கழுவாமல் யாரும் பாயில் உட்காரக் கூடாது.

செய்ததில் பாதியைத்தான் வெளியே கொண்டுவருவேன், மீதி அடுப்படியில் மூடியிருக்கும், காலியானால் நிரப்புவேன். பழத்தின் மீதியைப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். வெட்டிய பழம், சுண்டல் எல்லாம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடு இருந்தால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் மே மாதத்தில் அந்த முப்பத்திரண்டு காலை பத்து மணிக்கே தாண்டிவிடுகிறது, ஆகவே ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க நீர்மோர் அல்லது எலுமிச்சை ஜூஸ், அரை டம்ளர் அரை டம்ளராக. முழு டம்ளர் ஊற்றினால் பாதி பாய்க்குத்தான்.

வைத்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, அதுதான் எனக்குக் கஷ்டம். சும்மா இருக்க வேண்டும். சின்னதுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும், மற்றபடி "இன்னொரு இட்லி எடுத்துக்கோ", "அவன் பாரு எவ்வளவு சாப்பிடறான்", "சுண்டல் சாப்பிட்டாத்தான் உருண்டை" எதுவும் வாயில் வரக் கூடாது. ஒரு பிள்ளை முதலில் உருண்டை இரண்டையும் தின்றுவிட்டு அப்புறம் இட்லிக்கு வரும், வரட்டும், இரண்டுதானே. ஒன்றுமே சாப்பிடாமல் வெள்ளரிப்பிஞ்சு மட்டும் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகளை நாங்கள் யாரும் கவனிக்காத மாதிரி நடித்த அன்றைக்குத்தான் அவள் எட்டு பொடி இட்லி சாப்பிட்டாள். பாட்டிகளை அடக்குவதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. என் மாமியாருக்கு அடுப்படியில் நிரப்புகிற பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் தாங்குகிறது.

முடிந்ததும் தட்டில் மிஞ்சிய சுண்டல், பழம், இட்லி எதையும் எடுத்து வைக்காதீர்கள், ஏழு கை பட்டது. அடுப்படியில் இருக்கும் மீதிச் சுண்டலையும் கிழங்கையும் உடனே பிரிட்ஜில் வைத்துவிட்டால், சுண்டல் ராத்திரி தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஆகும், கிழங்கை மசித்து வெல்லம் சேர்த்துச் சப்பாத்திக்குள் வைத்துச் சுடலாம். தேன்குழலில் கை படாதது இருந்தால் டப்பாவுக்குள் போடும் முன் ஒன்றை உடைத்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் உள்ளே. மடங்கினால் மாமியார் பார்ப்பதற்குள் நீங்களே தின்றுவிடுங்கள்.